ஆட்டுக்கல்லில் சாமந்திப்பூ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே பார்க்க ஓர் ஓட்டலில் நான் கத்திவிட்டேன். தோசையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என்னைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். டவுன் பஸ்ஸில் என் ஸ்டாப்பிங் வரும்போது ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் வேறு யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தவள் நான். கல்யாணப் பந்தியில் ரசம் வராவிட்டால் ரசம் இல்லாமலே எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது. கோபம் இன்னும் தீரவில்லை. பேசப் போனால் நாக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த எழுத்து, கொஞ்சம் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பேரன் கார் வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை. அன்றைக்கு நல்லம்பள்ளி தாண்டிப் பெரிய ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலுக்குப் போனோம். நான், பேரன், அவன் மனைவி சுகன்யா, ஒன்றாவது படிக்கும் அவர்கள் மகள் யாழினி. ஓட்டல் கூரையில் பனையோலை மாதிரியே பிளாஸ்டிக். வாசலில் வண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்கு, உறி, முறம் எல்லாம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதையெல்லாம் யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடு வாசலில் சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் ஓர் ஆட்டுக்கல் வைத்திருந்தார்கள். வீட்டில் இருக்கிற கல் இல்லை, ஓட்டல் கல். குழி அகலம், குழவி ஓர் ஆள் தொடை உயரம். குழவியைச் சுற்றிச் சாமந்திப்பூவைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பின்னால் ஒரு போர்டு: ‘எங்கள் தாத்தா காலத்து ஆட்டுக்கல். அன்பால் அரைத்த மாவு, ஆரோக்கியம் தந்த உணவு.’ போர்டுக்கு மேல் தாத்தாவின் படம், சந்தனப் பொட்டு, சின்ன பல்பு மாலை.

தாத்தாவைப் பார்த்தேன். நான் வேலை பார்த்த கடத்தூர் ஓட்டல் முதலாளி.

அப்புறம் கல்லைப் பார்த்தேன். விளிம்பில் ஓர் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருக்கும். இருந்தது. அந்தச் சில்லுப் பக்கம்தான் நான் காலை நீட்டி உட்காருவேன்.

கண்டாங்கிச் சேலை கட்டி, கொண்டை போட்டு, வேலைக்கு நிறுத்தியிருந்த ஒரு பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க ஆயா, ஒக்காருங்க. கொளவியப் புடிச்சிக்கிட்டுச் சும்மா சிரிங்க. ரீல்ஸ் எடுத்தா அள்ளும்.”

“ஆயா, ஒக்காருங்களேன், ஒரே ஒரு போட்டோ” என்றாள் சுகன்யாவும்.

நான் அசையவில்லை. அதற்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் மேடைமேல் ஏறிக் குழவியைக் கட்டிக்கொண்டான். அவன் கூட்டாளிகள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். “மாவாட்டத்தான்டா நீ லாயக்கு” என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரிக்க, இவன் குழவியைச் சுற்ற ஆரம்பித்தான். பூ நசுங்கி வெளியே தள்ளியது. பக்கத்தில் நின்ற யாழினி, குழந்தைதானே, வெளியே வந்த பூவை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ளினாள்.

அப்போதுதான் கத்தினேன்.

“கைய எடு! ம் சொல்லாம ஏன்டா சுத்தற!”

பையன் பயந்து குழவியை விட்டான். சுகன்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ‘ம்’ என்றால் என்ன, யார் சொல்லவேண்டும், இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊறின உளுந்துக்கு ஒரு வாசம் உண்டு. மழை விழுந்த மண்ணும் பச்சைப் பாலும் சேர்ந்த மாதிரி. இன்றைக்கும் சுகன்யா கிரைண்டரில் உளுந்து போட்டால் என் வலது தோள் தானாக வலிக்கும். மூக்குக்கும் தோளுக்கும் என்ன சொந்தம் என்று டாக்டரைக் கேட்கலாம் என்றிருக்கிறேன், அதற்கும் கூச்சம்.

எனக்குப் பதினாறு நடந்தபோது எங்கள் பக்கம் மழை வருஷக்கணக்காகப் பொய்த்திருந்தது. கிணற்றில் கல் போட்டால் கல்லின் சத்தம்தான் வரும். அம்மா என்னைக் கடத்தூருக்குக் கூட்டிப்போய் அந்த முதலாளியின் ஓட்டல் பின்வாசலில் நிறுத்தினாள். முதலாளி வெளியே வந்து என் பேரைக் கேட்கவில்லை. “என்ன ஆளுங்க நீங்க?” என்றுதான் கேட்டார். அம்மா சொன்னாள். சரி என்று தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது. அதே பின்வாசலில் விறகு பிளக்கும் மாரப்பண்ணன் இருந்தார். அவர் பிளந்த விறகில் எரிந்த அடுப்பில்தான் எல்லா இட்லியும் வெந்தது. ஆனால் அவர் கை ஆட்டுக்கல்லைத் தொடக்கூடாது. முற்றத்துப் படியைத் தாண்டக்கூடாது. அதே கல்லை இன்றைக்கு ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துப் படம் பிடிக்கலாம். பாரம்பரியமாம்.

எங்களுக்கும் முன்வாசல் கிடையாது. சந்து வழியாக வரவேண்டும், சந்து வழியாகப் போகவேண்டும். ஓட்டலில் எத்தனை மேசை, சுவரில் என்ன படம், ஒன்றும் எனக்குத் தெரியாது. தினமும் இட்லிக்கு மாவாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கேழ்வரகுக் களி தின்றவள் நான். எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கு. இதில், ‘அந்தக் காலத்தில் எல்லோரும் இதைத்தான் சாப்பிட்டார்கள், நோய் நொடியே இல்லை’ என்று இந்தப் புது ஓட்டலின் மெனு கார்டில் எழுதியிருக்கிறது. யார் அந்த எல்லோரும் என்று தெரியவில்லை. நான் அதில் இல்லை.

கல்லடியில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். பச்சியம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கும். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. கறுப்பு, ஒல்லி, வாய் மட்டும் பெரிது. நான் போய் நின்றதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏ புள்ள, சோறு தின்னுவியா, காத்து குடிச்சுப் பொழைக்கறவளா? இந்தக் கொளவி உன்னையவிட எடை ஜாஸ்தி.”

நான் தலையைக் குனிந்தேன்.

“வாயி இருக்குதா?”

அதற்கும் குனிந்தேன்.

“செத்தேன் போ” என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது சற்று நேரத்தில் புரிந்தது. ஓட்டல் கல்லை ஒரே ஆள் ஆட்ட முடியாது. ஒருத்தி இரண்டு கையாலும் குழவியைக் கட்டிக்கொண்டு சுற்றவேண்டும். எதிரே உட்கார்ந்தவள், வெளியே ஏறி வருகிற மாவைக் கையால் வழித்துக் குழிக்குள் தள்ளவேண்டும். குழவி அந்தப் பக்கம் போகிற நேரத்தில் கை உள்ளே போகும். இந்தப் பக்கம் வருவதற்குள் கை வெளியே வரவேண்டும். வந்ததும் தள்ளுகிறவள் ‘ம்’ என்று சொல்லவேண்டும். அது காதில் விழுந்தால்தான் சுற்றுகிறவள் குழவியை மேற்கொண்டு இழுப்பாள். சுற்றுகிறவளுக்குக் குனிந்த தலை, மறைக்கிற குழவி, கண்ணில் வழிகிற வேர்வை. கண்ணை நம்பி ஆட்ட முடியாது. காதை நம்பித்தான். அந்த ஒரு சத்தத்தில் பத்து விரலும் இருந்தது.

புதிதாக வந்தவள் தள்ளவேண்டும். நான் கையை வெளியே எடுத்துவிட்டு, ‘ம்’ என்றேன். எனக்கு மட்டும் கேட்டது. பச்சியம்மாள் கல்லை நிறுத்திவிட்டாள்.

“சொன்னியா?”

தலையாட்டினேன்.

“உம் மனசுக்குள்ள சொன்னா கல்லுக்குக் கேக்குமா? என் காதுல வுழணும். வுழற வரைக்கும் இந்தக் கல்லு நகராது. பொழுதுக்கும் ஒக்காந்திருப்போம், எனக்கென்ன.”

உண்மையாகவே உட்கார்ந்திருந்தாள். உள்ளே சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர், “என்னா பச்சி, கல்லு தூங்குதா?” என்று குரல் கொடுத்தார். “பொண்ணு பாக்க வந்திருக்காங்க மாஸ்டர், வெக்கப்படுது” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தச் சிரிப்போடு ஒரு ‘ம்’ வெளியே வந்துவிட்டது. உடனே கல் சுற்றியது.

நீங்கள் நினைப்பீர்கள், இதென்ன பெரிய விஷயம் என்று. பள்ளிக்கூடத்தில் என் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ சொல்லப் பயந்து, வந்த நாளிலும் வராதவளாக இருந்தவள் நான். என் சத்தத்துக்காக ஒருத்தர் வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் யாரும் அப்படிக் காத்திருக்கவில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. நல்ல மனுஷர், ஆனால் நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிடுவார்.

கொஞ்ச நாளில் மாற்றி மாற்றிச் சுற்றப் பழகினோம். அவள் சுற்றினால் நான் ‘ம்’, நான் சுற்றினால் அவள் ‘ம்’. அவள் வெறும் ‘ம்’ சொல்லமாட்டாள். முதலாளி மேல் கோபம் என்றால் ஒரு ‘ம்’, மாஸ்டர் ஊர்க்கதை சொன்னால் நம்பாத ஒரு ‘ம்’, அவள் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் இழுத்து ஒரு ‘ம்’. நாங்கள் சுகமாக இருந்தோம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உச்சி வெயிலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை இடுப்பு நிமிராது. உளுந்து முடிந்தால் அரிசி, அரிசி முடிந்தால் சட்னிக்கு. உளுந்துத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரியும். உரிந்த விரலோடு மிளகாய்ச் சட்னி. இதைத்தான் ‘அன்பால் அரைத்த மாவு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் முதலாளி ஓட்டலுக்குப் பேமிலி ரூம் கட்டினார். பெண்டு பிள்ளைகளோடு வருகிற பெரிய மனிதர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட. இடம் வேறு இல்லை என்று எங்கள் முற்றத்தை ஒட்டிச் சுவர் எழுப்பினார். அதுவரை அடுப்புப் புகை அந்தப் பக்கம்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. சுவர் வந்ததும் புகை எங்கள்மேல் திரும்பியது. அதைச் சொன்னால், “பழகிக்கும்” என்றார்.

எங்களுக்குப் பழகியது. ரூமில் சாப்பிட வந்தவர்களுக்கு எங்கள் சத்தம் பழகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் ஆம்பளைகள் மட்டும் சிரிக்கிற சத்தம் கேட்டது. “என்னங்க முதலாளி, பின்னாடி எவளோ முனகறா? ஓட்டல்தான் நடத்தறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. விரல் போகாமல் இருக்கச் சொல்கிற சத்தம் அது. அதை எதுவாக்கிவிட்டார்கள் பாருங்கள்.

முதலாளி முற்றத்துக்கு வந்தார். “இனிமே வாயத் தொறக்கக் கூடாது. மூடிக்கிட்டு ஆட்டுங்க.”

“ம் சொல்லாம எப்டிங்க ஆட்டறது? கை போயிரும்ங்க” என்றாள் பச்சியம்மாள்.

“பாத்து ஆட்டு.”

“கொளவி மறைக்குதுங்க மொதலாளி. பொகை வேற. நீங்க ஒரு நாளு வந்து தள்ளி வுடுங்க, நான் வாயத் தொறக்காம சுத்தறேன்.”

“எகத்தாளமா? உன்னை வுட்டா ஆளில்லையா இந்தக் கடத்தூர்ல?”

ஆள் இருந்தார்கள். மழை இல்லாத ஊரில் ஆளுக்கா பஞ்சம். அவளுக்கு அது தெரியும். எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கண்ணைப் பார்த்து, தலையாட்டி, எப்படியோ ஆட்டினோம்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன், கொடியில் போட்ட சேலையைப் பக்கத்து ஊரில் போய்த்தான் எடுக்கவேண்டும். அன்றைக்கு மறுநாள் சந்தை. இரண்டு மடங்கு உளுந்து. விறகும் பச்சையாக வந்திருந்தது. நான் சுற்றினேன், அவள் தள்ளினாள். காற்று ஒரு புரட்டுப் புரட்டியது. அத்தனை புகையும் முகத்தில் வந்து அடித்தது. என் கண் மூடிக்கொண்டது. நானாக மூடவில்லை, கண் மூடிக்கொண்டது. கை மட்டும் பழக்கத்தில் குழவியை இழுத்துவிட்டது.

கல்லுக்கும் குழவிக்கும் நடுவில் மாவு இருந்தால் ஒரு சத்தம். வேறு ஏதாவது இருந்தால் வேறு சத்தம். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

அப்போதுகூட அவள் கத்தவில்லை. அந்த அளவுக்கு வாயை மூட வைத்திருந்தார்கள். நான்தான் ஏதோ ஊளையிட்டிருக்கிறேன். மாரப்பண்ணன் கோடாலியைப் போட்டுவிட்டு, தாண்டக்கூடாத படியைத் தாண்டி ஓடி வந்தார். தலைத்துண்டைக் கிழித்து அவள் கையைச் சுற்றிக் கட்டினார். முதலாளி வந்தார். வந்தவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? அவள் கையைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார்.

“மாவுல பட்டுருச்சா?”

இரண்டாவதாக மாரப்பண்ணனைப் பார்த்து, “நீ ஏன்டா உள்ள வந்த?” என்றார்.

மூன்றாவதாக மாஸ்டரிடம், “மேலாப்புல வழிச்சிப் போட்டுட்டு மிச்சத்த மூடி வை. நாளைக்குச் சந்தை. இட்லி இல்லைன்னு போர்டா மாட்டுவ?” என்றார். மாஸ்டர், “எப்டிங்க மொதலாளி…” என்று இழுத்தார். அப்புறம் வழித்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

மாரப்பண்ணன் விறகு வண்டியிலேயே அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் சந்தைக்கு வந்தவர்கள் அந்த இட்லியைச் சாப்பிட்டார்கள். இன்றைக்குப் பூ மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

பச்சியம்மாளுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது விரல் மடங்கினது மடங்கினதுதான். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? “அந்த ஊமைப் பொண்ணு பராக்குப் பார்த்துக்கிட்டுச் சுத்திருச்சு.” முதலாளி அப்படித்தான் கல்லாவில் உட்கார்ந்து வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போனால் ‘கை நசுக்கினவ’ என்று எனக்குப் பேர். என் அம்மாகூட, “கொஞ்சம் பாத்து சுத்தியிருக்கலாமில்ல” என்றாள். எனக்குப் பதில் தெரியும். பதில் வாய்க்கு வரவில்லை.

கை ஆறினதும் பச்சியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “கெளம்பு புள்ள.” எங்கே என்று கேட்கவில்லை, போனேன். மறுபடியும் சந்தை நாள். சந்துக்குள் திரும்புவாள் என்று நினைத்தேன். நேராக முன்வாசல் ஏறினாள். என் கை அவள் இடது கையில் இருந்தது, அதனால் நானும் ஏறினேன். அப்போதுதான் அந்த ஓட்டலின் உள்பக்கத்தைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

பேமிலி ரூம் வாசலில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, “ரெண்டு பேருக்கும் இட்லி கொண்டா தம்பி” என்று சப்ளையரிடம் சொன்னாள். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

“பச்சி, எதா இருந்தாலும் பின்னாடி வா, பேசிக்கலாம்.”

“பின்னாடி வந்தா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே. அதான் முன்னாடி வந்தேனுங்க.”

“வைத்தியத்துக்குப் பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல?”

“வைத்தியம் கவருமெண்டு ஆஸ்பத்திரில பாத்தாங்க. எனக்கு வேல வேணும். எலை எடுக்கறேன், எடம் தொடைக்கறேன். இருக்கற வெரலு அதுக்குப் போதும்.”

“இந்தக் கையோட முன்னாடி வந்து எலை எடுத்தா சாப்பிடறவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?”

அவள் அந்தக் கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தாள்.

“சரி, வேல குடுக்க வேணாம். இந்தப் புள்ள பராக்குப் பாத்தான்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அது எப்டிங்க? நாங்க சத்தம் குடுத்துத்தான ஆட்டிக்கிட்டு இருந்தோம்? அந்தச் சத்தத்த நிறுத்தச் சொன்னது யாரு?” என் பக்கம் திரும்பினாள். “சொல்லு புள்ள. இவருதான?”

எல்லாக் கண்ணும் என்மேல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. கல்லடியில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள், பொழுதுக்கும் இருப்பேன் என்கிற மாதிரி.

“ம்” என்றேன்.

சந்தை இரைச்சலையும் தாண்டி வாசல்வரை கேட்டிருக்கும். முதலாளியின் முகம் வெளுத்தது. பச்சியம்மாள் இடது கையால் இட்லியைப் பிட்டாள். “பீச்சாங்கையில திங்கறேன், எல்லாரும் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தின்றாள். நானும் தின்றேன். இடது கையால்தான்.

இதனால் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. இருவருக்கும் வேலை போயிற்று. ஆனால் ‘கை நசுக்கினவ’ என்ற பேர் அன்றோடு நின்றது. அந்த ஐப்பசியில் ஓட்டலுக்கு மிஷின் வந்தது. “பொம்பளைங்க படற பாட்டப் பாக்க மனசு கேக்கல, அதான் மெட்ராசுலருந்து வரவழைச்சேன்” என்று முதலாளி சொன்னாராம். ஊரில் எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷர் என்றார்கள்.

பச்சியம்மாளை அதற்குப் பிறகு ஒரே தடவை பாப்பாரப்பட்டியில் பார்த்தேன். புளி மண்டியில், மிச்சமிருந்த விரலை வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என் இடுப்பில் பையன். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: “என்னா புள்ள, இப்பவாவது வாயி இருக்குதா?” நான் சிரித்துத் தலையைக் குனிந்தேன். “செத்தேன் போ” என்றாள். அவள் போய்ச் சேர்ந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கத்தியதும் ஓட்டல்காரப் பையன் ஓடி வந்தான். படத்தில் இருப்பவரின் பேரன். அதே நெற்றி. மரியாதையான பையன்தான்.

“என்னங்க ஆயா, ஏதாச்சும் ப்ராப்ளமா?”

“இந்தக் கல்லுல ஒருத்தியோட வெரலு போச்சு தம்பி. ஒங்க தாத்தா ஓட்டல்ல. நான்தான் அப்ப சுத்தினேன்.”

பையனின் முகம் மலர்ந்துவிட்டது. “எங்க தாத்தாகிட்ட வேல பாத்தீங்களா! சூப்பருங்க ஆயா. ஒரு சின்ன வீடியோ குடுத்துட்டுப் போங்க. அந்த வெரலு மேட்டரெல்லாம் வேணாங்க. அந்தக் காலத்து டேஸ்ட்டு, கைப்பக்குவம், அந்த மாதிரி பாசிட்டிவா சொல்லுங்க.”

“அவ பேரு பச்சியம்மா. அந்தப் போர்டுல எழுது.”

“பாக்கலாங்க ஆயா. ஒரு காப்பி சாப்பிடறீங்களா?”

நான் காப்பி சாப்பிடவில்லை. மேடை ஏறினேன். படம் எடுக்கத்தான் ஏறுகிறேன் என்று நினைத்து அந்தக் கண்டாங்கிப் பெண் போனைத் தூக்கினாள். குழிக்குள் கையை விட்டுச் சாமந்திப்பூவை வழித்து வழித்துக் கீழே போட்டேன். பழைய பழக்கம், சுத்தமாக வழித்தேன். குழியின் அடி தெரிந்தது. வழுவழு என்று இருந்தது. அதை வழுவழுப்பாக்கியதில் என் தோளும் அவள் கையும் உண்டு.

காரில் ஏறியதும், “ஏன் ஆயா இப்டி சீன் போட்டீங்க, எல்லாரும் வீடியோ எடுத்துட்டாங்க” என்றான் பேரன். சுகன்யா மடியில் இருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே வந்தாள்.

மாவாட்டுகிற வேலை ஒழிந்துபோயிற்று. ரொம்ப நல்லது. அதற்காக யாரும் ஏங்கவேண்டாம், என் முன்னால் யாராவது ஏங்கினால் மறுபடி கத்துவேன். கடத்தூரில் அந்த ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. பேமிலி ரூம் இல்லை, சந்து இல்லை, மாரப்பண்ணன் இல்லை. முதலாளிக்குப் படம் இருக்கிறது, பல்பு மாலை இருக்கிறது. பச்சியம்மாளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவளை யாரும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கவில்லை.

பேரன் நேற்று அந்த வழியாக வந்தானாம். குழியில் புதிதாகப் பூ போட்டிருக்கிறார்களாம், இந்தத் தடவை சிவப்பு ரோஜா. போர்டில் பேர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான்.

“இன்னொரு தடவை அங்கே போகணுமா ஆயா?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் நான் தலையைக் குனிவேன் என்று நினைத்துத் திரும்பினான்.

“ம்” என்றேன். அவன் காதில் விழும்படி.